பொருளுக்கு முகம் கொடுத்தவர்

கடைக்குப் போகிறோம். சோப்பு வாங்குகிறோம். உறையில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்பே, நிறத்தைப் பார்த்ததும் கை அதை எடுத்துவிடுகிறது. எழுத்துத் தெரியாத பாட்டிகூட உறையை அடையாளம் காட்டி, வேண்டியதைக் கேட்டு வாங்கிவிடுவார்.

ஒரு நிறம், ஒரு சின்னம், ஓர் உருவம். இதுதான் பொருளின் முகம். அந்த முகத்தை அமைத்துக் கொடுப்பது இன்று பெரிய தொழில். அதற்கென்றே வடிவமைப்பு நிலையங்கள் இருக்கின்றன. கம்பெனிகள் அங்கே பணம் கொடுத்துத் தங்கள் சரக்குக்கு முகம் வாங்குகின்றன.

இந்தத் தொழிலை வளர்த்து உலகப் புகழ் பெற்றவர் ரேமண்ட் லோவி. பிரான்சு நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் பேரும் பணமும் சம்பாதித்தவர். பெட்ரோல் பங்குகளில் நாம் பார்க்கும் ஷெல் கம்பெனியின் சிப்பிச் சின்னத்துக்கு, 1971-ல் இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் அவர்தான்.

பொம்மை விமானம்

லோவி 1893-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆஸ்திரியாவிலிருந்து வந்த பத்திரிகையாளர். தாய் பிரெஞ்சுக்காரர்.

சிறு வயது முதலே லோவிக்கு ரயில், மோட்டார், விமானம் என்றால் உயிர். பள்ளி நோட்டுகளில் எல்லாம் அவற்றின் படங்கள்தான். 1908-ல் அவர் செய்த பொம்மை விமானம் போட்டியில் பரிசு வாங்கியது.

முதல் உலகப் போர் வந்தது. லோவி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். பதுங்கு குழியில் குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும், தான் இருந்த இடத்தைத் துணி தொங்கவிட்டு அலங்கரித்து வைத்திருந்தார். பட்டாளத்தில் கொடுத்த கால்சட்டையின் தையல் பிடிக்காமல், அதைத் தானே திருத்தி வெட்டிக்கொண்டார். அழகு இல்லாத இடத்தில் அவரால் இருக்க முடியாது.

போரில் காட்டிய வீரத்துக்குப் பதக்கம் கிடைத்தது. ஆனால் வீடு திரும்பியபோது பெற்றோர் இருவரும் உயிருடன் இல்லை. கையில் காசும் இல்லை.

கையில் 50 டாலர்

1919-ல் லோவி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். உடம்பில் பட்டாள உடுப்பு. பையில் 50 டாலர். அவ்வளவுதான் அவருடைய சொத்து.

கப்பலில் ஒரு தர்ம காரியத்துக்காக ஏலம் நடந்தது. கொடுக்கப் பணம் இல்லாத லோவி, ஒரு படம் வரைந்து கொடுத்தார். அந்தப் படம் பிரிட்டிஷ் கான்சல் ஒருவரின் கண்ணில் பட்டது. அவர் வியந்து, பத்திரிகை முதலாளி ஒருவருக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார்.

நியூயார்க் நகரம் லோவியைத் திகைக்க வைத்தது. எங்கு பார்த்தாலும் இயந்திரங்கள். எல்லாம் பலமானவை. எல்லாம் நன்றாக வேலை செய்தன. ஆனால் எல்லாம் முரட்டுத்தனமாக, சத்தமாக, அழுக்காக இருந்தன. இவ்வளவு செலவு செய்து செய்கிறவர்கள், இன்னும் கொஞ்சம் அழகாகச் செய்தால் என்ன என்று அவர் நினைத்தார்.

மேசிஸ் என்ற பெரிய கடையில் கண்ணாடிப் பெட்டிகளை அலங்கரிக்கும் வேலை கிடைத்தது. அங்கே சரக்குகளை நெருக்கி அடுக்கி வைப்பது வழக்கம். லோவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கறுப்பு உடை அணிந்த ஒரே ஒரு பொம்மையை நிறுத்தினார். அதன் காலடியில் ஒரு மேலங்கியைப் போட்டு, அதன்மேல் விளக்கு விழும்படி செய்தார். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. லோவி தாமே வேலையை விட்டு விலகிவிட்டார்.

பிறகு சுமார் பத்து வருடங்கள், பத்திரிகைகளுக்கும் கடை விளம்பரங்களுக்கும் நாகரிக உடைப் படங்கள் வரைந்து பிழைத்தார்.

களிமண்ணில் பிறந்த உருவம்

1929-ல் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. வந்தவர் சிக்மண்ட் கெஸ்டெட்னர் என்ற இங்கிலாந்து முதலாளி.

கெஸ்டெட்னர் இயந்திரம் நம் நாட்டு ஆபீசுகளுக்கும் பள்ளிகளுக்கும் பழக்கமானது. கம்ப்யூட்டரும் ஜெராக்சும் வருவதற்கு முன்பு, பரீட்சைக் கேள்வித்தாள்களைச் சைக்ளோஸ்டைல் செய்தது இத்தகைய இயந்திரங்களில்தான்.

அன்று அது பார்க்கச் சகிக்காமல் இருந்தது. பல் சக்கரங்கள் வெளியே தெரிந்தன. மையும் தூசியும் ஒட்டிக்கொண்டன. நான்கு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நடந்து போகிற டைப்பிஸ்ட் பெண் அந்தக் காலில் தடுக்கி விழுவதாக லோவி ஒரு படம் வரைந்து காட்டினார். அந்த ஒரு படமே முதலாளியை வளைத்துவிட்டது.

இருந்த அவகாசம் சில நாள்தான். லோவி தம் வீட்டுக் கூடத்தில் தார்ப்பாயை விரித்தார். இயந்திரத்தை நடுவில் வைத்து, மாதிரி செய்யும் களிமண்ணை அதன்மேல் அப்பினார். உள்ளே இருந்த இயந்திரத்தை மாற்றவில்லை. கை வைக்க வேண்டிய பகுதிகளை விட்டு, மற்றதை எல்லாம் வழவழப்பான ஒரு கூட்டுக்குள் அடக்கினார். கால்களை நேராக்கி ஒடுக்கினார்.

அந்த உருவம் பல வருடங்கள் விற்பனையில் இருந்தது. லோவிக்குப் புதுத் தொழில் பிறந்தது.

முழங்கையால் திறக்கும் கதவு

அடுத்த பெரிய வேலை, சியர்ஸ் கம்பெனியின் கோல்டுஸ்பாட் என்ற குளிர்பதனப் பெட்டி. 1930-களின் நடுவில் லோவி அதை மாற்றி அமைத்தார்.

வெறும் வெளித்தோற்றத்தோடு அவர் நிற்கவில்லை. சமையலறையில் வேலை செய்கிறவர்களின் கஷ்டத்தைக் கவனித்தார். இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தால் கதவை எப்படித் திறப்பது? முழங்கை பட்டாலே திறக்கும் கைப்பிடி வைத்தார். உள்ளே இருந்த தட்டுகள் துருப்பிடித்தன. துருப்பிடிக்காத அலுமினியத் தட்டுகளைப் போட்டார். விற்பனை பல மடங்கு ஏறியது.

இதில் லோவி ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். மக்களுக்குப் புதுமை பிடிக்கும். ஆனால் அளவுக்கு மிஞ்சிய புதுமையைக் கண்டால் பயந்து விலகுவார்கள். ஆகவே, மக்கள் ஏற்றுக்கொள்ளும் எல்லை வரை போக வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. இதையே அவர் தம் தொழிலின் சூத்திரமாக வைத்துக்கொண்டார்.

குப்பைத் தொட்டியிலிருந்து ரயில் எஞ்சினுக்கு

ரயில் எஞ்சினை வடிவமைக்க வேண்டும் என்பது லோவியின் சிறு வயதுக் கனவு. பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவரிடம் போய் வேலை கேட்டார். நியூயார்க் நிலையத்தில் வைக்கும் குப்பைத் தொட்டியை வடிவமைக்கச் சொன்னார்கள்.

லோவி முகம் சுளிக்கவில்லை. ரயில் நிலையத்தில் நின்று, மக்கள் எப்படிக் குப்பை போடுகிறார்கள் என்று கவனித்தார். நல்ல தொட்டி செய்து கொடுத்தார்.

அடுத்ததாக ஜிஜி1 என்ற மின்சார எஞ்சின் அவரிடம் வந்தது. அதன் அடிப்படை உருவத்தை டொனால்டு டோனர் என்ற வேறொரு வடிவமைப்பாளர் முன்பே அமைத்திருந்தார். ஆயிரக்கணக்கான ஆணிகள் அடித்து இணைக்கும் முறைக்குப் பதிலாக, எஞ்சினின் உடலைப் பற்றவைத்துச் செய்யலாம் என்று லோவி யோசனை சொன்னார். மேனி வழவழப்பாயிற்று. வேலையும் செலவும் குறைந்தன.

பந்தயம்

1940-ல் ஒரு பணக்காரர் லோவியின் அறைக்குள் நுழைந்தார். அவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். லக்கி ஸ்டிரைக் சிகரெட் கம்பெனியின் தலைவர். தம் சிகரெட் பெட்டியை இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்று 50,000 டாலர் பந்தயம் கட்டினார்.

பெட்டி பச்சை நிறம். நடுவே சிவப்பு வட்டம். லோவி பச்சையை எடுத்துவிட்டு வெள்ளையாக்கினார். பச்சை மைக்குச் செலவு அதிகம்; லேசான வாடையும் உண்டு. முன்பக்கம் மட்டும் இருந்த சிவப்பு வட்டத்தைப் பின்பக்கமும் போட்டார். இனிப் பெட்டியை மேஜைமேல் எப்படிப் போட்டாலும் பெயர் மேலே தெரியும். பந்தயத்தில் லோவி வென்றார்.

1942-ல் வெள்ளைப் பெட்டி கடைக்கு வந்தது. பச்சைச் சாயத்தில் சேரும் உலோகம் போருக்குத் தேவைப்படுவதால் அதைக் கைவிட்டதாகக் கம்பெனி விளம்பரம் செய்தது. வியாபாரத்துக்குச் செய்த மாற்றம், தேசபக்தி வேஷம் போட்டுக்கொண்டது!

பெட்டி வெள்ளையாயிற்று. உள்ளே இருந்த புகையிலை மாறவில்லை. 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை, சிகரெட் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியாகக் கூறியது. முழங்கையால் திறக்கும் கதவு தாய்மார்களின் சிரமத்தைக் குறைத்தது. வெள்ளைப் பெட்டியோ நஞ்சுக்கு நல்ல முகம் கொடுத்தது. இரண்டையும் செய்தது ஒரே கைதான். இந்தத் தொழிலின் நன்மையும் தீமையும் இந்த இரண்டு பெட்டிகளில் அடங்கிவிட்டன.

பெயர் ஒன்று, கைகள் பல

லோவியின் நிலையம் வளர்ந்தது. நியூயார்க், சிக்காகோ, லண்டன், பிறகு பாரிஸ் என்று கிளைகள் ஏற்பட்டன. நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 1949 அக்டோபரில் டைம் பத்திரிகை அவர் படத்தை அட்டையில் வெளியிட்டது.

சின்னம் எழுதுவதிலும் அவர் கெட்டிக்காரர். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற விவசாயக் கருவிக் கம்பெனிக்கு, ரயிலில் போகும்போதே சாப்பாட்டு அட்டையின் மீது ஒரு சின்னம் வரைந்தார். கம்பெனிப் பெயரின் இரண்டு முதல் எழுத்துகள், டிராக்டர் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். 1963-ல் இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் டிராக்டர் செய்யக் கூட்டுச் சேர்ந்தது இந்தக் கம்பெனியுடன்தான்.

ஆனால் நிலையத்திலிருந்து வெளிவந்தவை அனைத்தும் லோவியின் பெயரையே தாங்கி வந்தன. படம் போட்டவர் பெயர் உலகத்துக்குத் தெரியாது. 1953-ல் புகழ் பெற்ற ஸ்டுடிபேக்கர் காரை வரைந்தவர் ராபர்ட் பூர்க். புகழ் போனது லோவிக்கு. கோக்கோ கோலா புட்டியை வடிவமைத்தவரும் லோவிதான் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. அந்தப் புட்டி 1915-லேயே வேறொரு கண்ணாடிக் கம்பெனியில் பிறந்தது. அப்போது லோவி பிரான்சின் போர்க்களத்தில் இருந்தார்.

தம் பெயரையே ஒரு சரக்கைப்போல் விளம்பரம் செய்தவர் லோவி. அந்த விளம்பரத்தின் நிழலில் பலர் மறைந்து போனார்கள்.

அழகு காப்பாற்றவில்லை

1961-ல் ஸ்டுடிபேக்கர் கம்பெனி நொடித்துக்கொண்டிருந்தது. புதுக் கார் ஒன்று வேண்டும் என்று லோவியிடம் ஓடி வந்தது. அவர் பாலைவன ஊர் ஒன்றில் வீடு எடுத்து, ஜான் எப்ஸ்டைன், பாப் ஆண்ட்ரூஸ், டாம் கெல்லாக் என்ற மூன்று பேரை அழைத்துக்கொண்டு போனார். சில வாரங்களில் அவான்டி கார் உருவாயிற்று.

1962-ல் காரைக் கண்டவர்கள் சொக்கிப் போனார்கள். ஆனால் கண்ணாடி இழையால் ஆன அதன் உடலைச் செய்து கொடுப்பதில் தாமதம் ஏற்பட்டது. வாங்க வந்தவர்கள் காத்திருந்து சலித்தார்கள். 1963 டிசம்பரில் கம்பெனி தன் அமெரிக்கத் தொழிற்சாலையில் கார் செய்வதையே நிறுத்தியது. முகம் மட்டும் அழகாக இருந்து என்ன பயன்? சரக்கு நேரத்துக்கு வந்து சேர வேண்டாமா?

ஜனாதிபதியின் விமானம்

1962-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் விமானத்துக்கு வர்ணத் திட்டம் அமைத்தவரும் லோவிதான். ஜனாதிபதியும் அவரும் வெள்ளை மாளிகையில் தரையில் உட்கார்ந்து, வண்ணக் காகிதங்களை வெட்டிப் பார்த்தார்கள். நீலமும் வெள்ளையும் முடிவாயின. நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் ஏறியது.

மறுவருடம் நவம்பர் 22-ந் தேதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் தலைநகருக்கு வந்தது அதே நீல, வெள்ளை விமானத்தில்தான். உலகமே கண்ணீரோடு அந்த விமானத்தைப் பார்த்தது.

வானத்தில் ஒரு சன்னல்

1979-ல் ஸ்கைலாப் என்ற விண்வெளிக் கூடம் விழப்போகிறது என்று நம் ஊர்களிலும் பீதி பரவியது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கூடத்தின் உள் அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர்கள் லோவியும் அவர் குழுவினரும்.

ஆகாயத்தில் வாரக்கணக்கில் அடைந்து கிடக்கும் மனிதனுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள். தனியாகத் தூங்க ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒரு மேஜை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூமியைப் பார்க்க ஒரு சன்னல் வேண்டும். சன்னல் வைப்பது கஷ்டம் என்று எஞ்சினீயர்கள் தயங்கினார்கள். கடைசியில் சன்னல் வந்தது.

1973, 1974-ம் ஆண்டுகளில் அங்கே தங்கிய வீரர்கள் ஓய்வு நேரத்தில் அந்தச் சன்னலை விட்டு நகரவில்லை. இந்த வேலையில் விற்பனை இல்லை. விளம்பரம் இல்லை. மனிதனின் தேவை மட்டுமே இருந்தது.

கடைசிக் காலம்

காலம் மாறியது. 1970-களின் பிற்பகுதியில் லோவியின் அமெரிக்க நிலையம் கடனில் மூழ்கி மூடப்பட்டது. ஆயிரம் சரக்குகளை விற்றுக் கொடுத்தவரால் தம் கடையை நிலைநிறுத்த முடியவில்லை. 1980-ல் ஓய்வு பெற்றுப் பிரான்சு நாட்டுக்குத் திரும்பினார். மனைவி வயோலா துணையாக இருந்தார். அவர்களுக்கு ஒரே மகள்.

1986-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, பிரான்சின் தேசியத் திருநாளன்று, மான்டி கார்லோவில் லோவி காலமானார். அப்போது அவருக்கு வயது 92.

இன்று கடை வீதியில் ஆயிரம் முகங்கள் நம்மைக் கூப்பிடுகின்றன. செல்போனைத் திறந்தால் இன்னும் ஆயிரம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் லோவியைப்போல் ஒருவர் உட்கார்ந்து, நம் கண்ணையும் கையையும் கணக்குப் போட்டிருக்கிறார். முகத்தைப் பார்த்து ஒரு பொருளைக் கையில் எடுக்கலாம், தவறில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு காசைக் கொடுப்பதே நல்லது.