செருப்புத் தைத்த சிந்தனையாளர்

1924-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி, இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரில் வாழ்ந்த ஒரு முதியவருக்கு எண்பது வயது நிறைந்தது. அவருக்கு அளிக்கப்பட்ட வாழ்த்து ஏட்டில் ராம்ஸே மக்டொனால்டின் தொழிற்கட்சி மந்திரி சபையினர் அத்தனை பேரும் கையொப்பமிட்டிருந்தார்கள். அந்த முதியவரோ இன்னோர் ஆணுடன் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரே வீட்டில் இல்லறம் நடத்தி வந்தவர். அது ஒளிவு மறைவான செய்தி அல்ல. ஆணும் ஆணும் கொள்ளும் உறவுக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டம் அப்போதும் அமலில்தான் இருந்தது!

எட்வர்டு கார்ப்பெண்டர் என்பது அவர் பெயர். காந்தியடிகளின் வாசகர்கள் இந்தப் பெயரைக் கண்டிருப்பார்கள். நாகரிகம் ஒரு நோய் என்று வாதிட்ட கார்ப்பெண்டரின் நூலை, 1909-இல் எழுதிய ஹிந்த் ஸ்வராஜ்யத்தின் இறுதியில் படிக்க வேண்டிய நூல்களுள் ஒன்றாகக் காந்தியடிகள் குறித்திருக்கிறார்.

1844-இல் வசதி மிகுந்த குடும்பத்தில் பிறந்த கார்ப்பெண்டர், கேம்பிரிட்ஜில் படித்துப் பாதிரியாரானார். அந்த உடுப்பு அவருக்குப் பொருந்தவில்லை. 1874-இல் அதைத் துறந்துவிட்டு, வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் சாதாரண மக்களுக்குச் சொற்பொழிவு செய்யப் போனார். தந்தையார் 1882-இல் காலமானபோது கிடைத்த பணத்தைக் கொண்டு, ஷெஃபீல்டு நகருக்கு அருகே மில்த்தார்ப் என்ற சிற்றூரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். காய்கறி பயிரிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனார். இந்தியாவிலிருந்த நண்பர் ஒருவர் காஷ்மீரத்துச் செருப்பு ஒரு ஜோடி அனுப்பி வைக்க, அதைப் பார்த்துத் தாமே தோல் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு விற்கவும் செய்தார். கனவான்கள் பூட்ஸ் இல்லாமல் வாசற்படி இறங்காத காலம் அது.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த ஒரு நட்பைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரான பொன்னம்பலம் அருணாசலம் அங்கே மாணவராக இருந்தார். கீதையைக் கார்ப்பெண்டருக்கு அனுப்பி அறிமுகம் செய்தவர் அவரே. அவர் அழைப்பின் பேரில் 1890-இல் இலங்கை வந்த கார்ப்பெண்டர், குருநாகலில் இராமசுவாமி என்ற தமிழ் ஞானியின் முன்னால் நாள்தோறும் உட்கார்ந்து உபதேசம் கேட்டார். பிறகு இந்தியாவிலும் பயணம் செய்தார். சிவனொளிபாத மலை முதல் மும்பைக்கு எதிரே உள்ள எலிபெண்டா வரை அவர் கண்டவை 1892-இல் நூலாயின.

ஊர் திரும்பியபின், 1891-இல், ரயிலில் ஓர் இளைஞரைச் சந்தித்தார். ஷெஃபீல்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த ஜார்ஜ் மெர்ரில். அந்தப் பழக்கம் காதலாக முதிர்ந்தது.

ஆண்களுக்கிடையேயான எந்த உறவுக்கும் இரண்டாண்டு வரை சிறை என்று 1885-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பெண்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பெண்ணைப் பெண் விரும்புவதும் உண்டு என்று ஒப்புக்கொள்ளவே கூச்சப்பட்டார்கள் போலும். இந்த நிலையில்தான் கார்ப்பெண்டர் தன்பாலினக் காதலைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அது நோயுமல்ல, குற்றமுமல்ல, சிலருக்கு இயல்பாய் அமைவது என்பது அவர் கட்சி. மான்செஸ்டரில் 1895 ஜனவரியில் அச்சாகி, நண்பர்களுக்குள் மட்டும் அது சுற்றுக்கு விடப்பட்டது.

அதே ஆண்டு மே மாதம், புகழின் உச்சியிலிருந்த எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு இந்தச் சட்டத்தின் கீழ் இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றார். பத்திரிகைகள் கூத்தாடின. கார்ப்பெண்டரின் லண்டன் பதிப்பாளர் நடுங்கிப்போய், ஆண் பெண் உறவு பற்றிய அவருடைய புதிய நூலை வெளியிட மறுத்ததோடு, பழைய கவிதை நூலையும் விற்பனையிலிருந்து நீக்கிவிட்டார். வேறு மனிதராயிருந்தால் பெட்டி கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போயிருப்பார். கார்ப்பெண்டர் செய்தது வேறு. 1898-இல், நண்பர்கள் எச்சரித்தும் கேளாமல், மெர்ரிலை மில்த்தார்ப் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். மெர்ரில் வீட்டைப் பார்த்துக்கொண்டார், இவர் எழுதினார். 1908-இல், முன்பு ரகசியமாய்ச் சுற்றிய கருத்துக்கள் விரிந்து, ஆண்களையும் பெண்களையும் பற்றிப் பேசும் முழு நூலாகவே கடைக்கு வந்தன. மறு ஆண்டு ஒருவர் அவரைத் தூற்றித் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். ஆனாலும் அவர்மீது வழக்கு வரவில்லை.

பார்க்க வந்தவர்கள் பலர். நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1913-இல் அங்கு போய்வந்த வேகத்தில் மாரிஸ் என்ற நாவலை எழுதினார். இரு ஆண்களின் காதல் இன்பமாய் முடியும் கதை. அதை அச்சிட ஃபார்ஸ்டருக்குத் துணிவில்லை. அவர் மறைந்தபின் 1971-இல்தான் வெளிவந்தது. குருவின் துணிவு சீடருக்கு வாய்க்கவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஃபார்ஸ்டரின் அச்சமும் ஆதாரமற்றதல்ல. வாழ்த்து ஏட்டில் மந்திரிகள் கையொப்பமிட்ட நான்காம் ஆண்டே, 1928-இல், இரு பெண்களின் காதலைச் சொன்ன ராட்கிளிஃப் ஹாலின் நாவல் ஆபாசமென்று லண்டன் நீதிமன்றத்தால் அழிக்கப்பட்டது. கார்ப்பெண்டர் என்ற கிழவரிடம் காட்டிய மரியாதையை, அவரைப் போன்றவர்களுக்குக் காட்ட ஊர் இன்னும் தயாராயில்லை.

அந்த 1928-இல்தான் மெர்ரிலும் இறந்தார். அதன்பின் கார்ப்பெண்டர் தேறவேயில்லை. 1929 ஜூன் 28-இல் உயிர் பிரிந்தது. உலகமே அறிந்த அவர் பெயர் சில ஆண்டுகளில் மங்கிவிட்டது.

1967-இல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 21 வயது நிறைந்த ஆண்கள் தனிமையில் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று சட்டம் மாறியது. அதன் பிறகே அவர் நூல்களை ஓர் இளந்தலைமுறை தேடி எடுத்தது. ஆங்கிலேயர் 1860-இல் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்த 377-ஆம் பிரிவோ, அவர்கள் போய் எழுபது ஆண்டுக்கு மேலும் நிலைத்து, 2018 செப்டம்பர் 6-இல்தான் மனமொத்த வயது வந்தோரைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

கில்ட்ஃபோர்டு மேட்டிலுள்ள இடுகாட்டில் கார்ப்பெண்டரும் மெர்ரிலும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள்.