நரம்பின் நூலைக் காட்டிய காஹால்



மெட்டலர்ஜி லேபில் ஒரே மைக்ரோஸ்கோப்பை நாலு பேர் சுற்றி நிற்கும்போது, இதை வைத்து என்ன பெரிசா சாதிச்சிட முடியும் என்று நமக்குத் தோன்றும். அப்படித் தோன்றும் நாளில் ஸ்பெயின் நாட்டு சந்தியாகோ ரமோன் இ காஹாலை நினைத்துக்கொள்ளுங்கள்.

1852 மே 1-ல் பெட்டில்லா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா டாக்டர். மகனோ படிப்பில் மக்கு, படம் வரைவதில் புலி, சேட்டையில் மன்னன். வீட்டிலேயே செய்த பீரங்கியால் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்து, 11 வயதில் லாக்கப்புக்கும் போனார்! கோபம் கொண்ட அப்பா, அவரை முடிதிருத்தும் கடையிலும் பிறகு செருப்புக் கடையிலும் வேலை பழக விட்டார். கடைசியில் இடுகாட்டு எலும்புகளைக் கொண்டுவந்து மகனை வரைய வைத்தார். அந்தப் படம் வரையும் கைதான் அவரை மருத்துவத்துக்கு இழுத்து வந்தது.

1873-ல் டாக்டரானார். ராணுவ டாக்டராக கியூபா போய், மலேரியாவோடு திரும்பினார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில்தான் முதல் மைக்ரோஸ்கோப் வாங்கினார். வீட்டிலேயே லேப்!

1887-ல் இத்தாலியர் கோல்ஜியின் வெள்ளிச் சாய முறையைப் பார்த்தார். பலரும் இது சரிப்படாது என்று விட்டிருந்த முறை அது. காஹால் விடவில்லை. சாயத்தை இரண்டு தடவை ஏற்றினார்; வளர்ந்த மூளைக்குப் பதில் கருவின் மூளையை எடுத்தார். படம் தெளிவானது. நரம்பு மண்டலம் ஒரே வலைப்பின்னல் இல்லை, தனித்தனி செல்கள் என்று கண்டார். 1888-ல் கைக்காசு போட்டுத் தானே பத்திரிகை நடத்தி அதை வெளியிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுவருடம் ஸ்லைடுகளோடு பெர்லின் மாநாட்டுக்கே போய், பெரிய பேராசிரியர்களை லென்ஸில் பார்க்க வைத்தார். பார்த்தவர்கள் நம்பினார்கள்.

எதிர்ப்பு அத்தோடு முடியவில்லை. செல்லுக்குள் ஓடும் மெல்லிய நூல்கள் ஒரு செல்லிலிருந்து அடுத்ததுக்குத் தொடர்கின்றன என்று சிலர் வாதிட்டார்கள். அது உண்மையானால் காஹாலின் கொள்கை காலி! அவர் வாய்ச் சண்டைக்குப் போகவில்லை. போட்டோ எடுப்பது அவர் பொழுதுபோக்கு. போட்டோ கழுவும் பைரோகேலாலையே வெள்ளி நைட்ரேட்டோடு சேர்த்து 1903-ல் புதுச் சாய முறை செய்தார். நூல்கள் பளிச்சென்று தெரிந்தன, செல்லுக்குள்ளேயே முடிந்தன.

1906-ல் நோபல் பரிசு காஹாலுக்கும் கோல்ஜிக்கும் சேர்த்தே கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், மேடையிலேயே கோல்ஜி காஹாலின் கொள்கையை எதிர்த்துப் பேசினார். தீர்ப்பு சொன்னது 1950-களின் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அதைப் பார்க்க காஹால் இல்லை, 1934-ல் காலமாகிவிட்டார்.

அந்த நூல்களில் முக்கியமானது நியூரோஃபிலமென்ட் என்ற புரதம். நரம்பு செல்லின் சாரக்கட்டு மாதிரி. வெள்ளி உப்பு ஒட்டியது அதில்தான். இன்று அந்த வேலையை ஆன்டிபாடி செய்கிறது. பூட்டுக்கேத்த சாவி போல அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும். அதோடு ஒளிரும் சாயத்தை இணைத்தால் நூல் மின்னும். ஒரே ரக ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975-ல் கோலரும் மில்ஸ்டீனும் கண்டார்கள். நரம்பு சிதைந்தால் இந்தப் புரதம் ரத்தத்தில் கசியும். அதை அளந்து சிதைவை அறியவும் ஆன்டிபாடிதான் உதவுகிறது.

நண்பர்களே, லேப் சின்னதுதான். சாயம் ஒட்டலையா? முறையை மாத்திப் பாருங்க. எதிர்த்துப் பேசுறாங்களா? ஸ்லைடைக் காட்டுங்க!