தையல் மிஷின் தந்த எலியாஸ் ஹோவ்

ஆள் பாதி ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த ஆடையைத் தைத்துத் தரும் மிஷினை நாம் அன்றாடம் காண்கிறோம். தஞ்சைக் கடைவீதியிலும் அது ஓடுகிறது. காவிரிக் கரையின் சிற்றூர்த் திண்ணைகளிலும் ஓடுகிறது. ஆனால் அதை நமக்கு ஆக்கித் தந்தவர் யார் என்று நாங்கள் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற காலாண்டு விடுமுறையில்தான் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வயல் வேலை செய்பவர். நடவும் களையெடுப்பும் உள்ள நாட்களில் கையில் நாலு காசு புழங்கும். மற்ற நாட்களில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. முன்பெல்லாம் குறுவை அறுப்பிலும் சம்பா அறுப்பிலும் கூலி கிடைக்கும். அறுவடைக்கு மிஷின் வந்த பிறகு அந்த வேலையும் குறைந்துவிட்டது. ஆகவே அவர் சீட்டுப் பணத்தை எடுத்து, பல கை மாறிய பழைய கால் மிஷின் ஒன்றை வாங்கினார். மிஷினால் போன வேலையை மிஷினாலேயே பிடிக்கப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார்.

எங்களில் நால்வர் அந்த மிஷினைச் சீர் செய்யப் புறப்பட்டோம். மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் தேய்த்தோம். பாபினுக்கு அடியில் அடைந்து கிடந்த பஞ்சையும் நூல் பிசிறையும் குத்தி எடுத்தோம். துளை துளையாக மிஷின் எண்ணெய் விட்டோம். தொய்ந்து போயிருந்த தோல் வாரைச் சிறிது வெட்டிச் சுருக்கி மாட்டினோம். முனை மழுங்கிய ஊசியை எறிந்துவிட்டுப் புது ஊசி பொருத்தினோம். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுழன்றது. ஆனால் தையல் விழவில்லை! நூல் விட்டு விட்டு ஓடி, மூன்று விரற்கடைக்கு ஒருமுறை அறுந்தது. பணம் வீணாயிற்றோ என்று அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. எங்களுக்கோ அழுகையே வந்துவிட்டது.

பள்ளி திறந்ததும் எங்கள் தையல் சிஸ்டரிடம் போய்ச் சொன்னோம். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தீர்களா என்றார்கள். அன்று மாலையே ஓடிப்போய்ப் பார்த்தோம். புது ஊசி மாட்டிய நாங்களே அதைத் திருப்பி மாட்டியிருந்தோம்! சரியாக மாட்டியதும் தையல் முத்து முத்தாய் விழுந்தது. இவ்வளவு சிறிய ஊசிக்குள் இவ்வளவு பெரிய சூட்சுமம் இருக்கிறதே, இதைக் கண்டவர் யார் என்று சிஸ்டரைக் கேட்டோம். அவர் வரலாற்றைப் படித்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள் என்று பணித்தார்கள். அப்படிப் படித்து அறிந்ததையே இங்கே தருகிறோம்.

எலியாஸ் ஹோவ் 1819-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஒரு விவசாயி. மாவரைக்கும் ஆலையும் மரமறுக்கும் ஆலையும் வைத்திருந்தார். ஆனாலும் பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. ஆறு வயதிலேயே எலியாஸ் தம் உடன்பிறந்தாரோடு அமர்ந்து, பஞ்சு சிக்கெடுக்கும் கருவிக்காகத் தோல் பட்டையில் கம்பிப் பற்களைக் குத்தும் வேலையைச் செய்தார். இளமை முதலே அவருக்குக் கால் சற்று ஊனம். வயல் வேலைக்கு உடம்பு இடங்கொடுக்கவில்லை.

1835-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், லோவெல் நகருக்குச் சென்று நூலாலை இயந்திரங்கள் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் நாடெங்கும் வியாபாரம் நொடித்துப் பட்டறையும் மூடிவிட்டது. பின்னர்ப் பாஸ்டன் நகரில் ஏரி டேவிஸ் என்பவரிடம் வேலைக்கு அமர்ந்தார். டேவிஸ் நுட்பமான கருவிகள் செய்வதில் வல்லவர். ஒரு நாள் அவருடைய பட்டறையில் யாரோ பேசிக்கொண்டது எலியாஸின் காதில் விழுந்தது. தைக்கும் மிஷினைச் செய்பவன் பெருஞ்செல்வனாவான் என்பதே அந்தப் பேச்சு. அது பசுமரத்தாணி போல் அவர் நெஞ்சில் பதிந்துவிட்டது.

1841-இல் அவர் எலிசபெத் என்னும் மங்கையை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். வாரக் கூலி 9 டாலர். ஐந்து பேர் வயிறு நிறைய அது போதவில்லை. எலிசபெத் அம்மையார் வெளியாரின் துணிகளை வாங்கி வந்து வீட்டில் கையால் தைத்துக் கொடுத்தார். வேலை முடிந்து வரும் எலியாஸ் உண்ணவும் முடியாத களைப்பில் படுத்துக் கிடப்பார். படுத்தபடியே, விளக்கொளியில் தம் மனைவியின் கை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கைக்கு என்று ஓய்வு கிடைக்கும் என்ற எண்ணமே அவரை வாட்டியது. அந்தக் காலத்தில் ஓர் ஆண் சட்டையைக் கையால் தைத்து முடிக்க 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். மிஷின் வந்த பிறகு அதே சட்டைக்கு ஒன்றேகால் மணி நேரமே போதுமானதாயிற்று.

முதலில் அவர் மனைவியின் கையைப் போலவே மிஷினையும் தைக்க வைக்க முயன்றார். இரு முனையும் கூராகவும் நடுவில் காதும் உள்ள ஊசி ஒன்றைச் செய்தார். பல மாதம் பாடுபட்டும் அது பயன்படவில்லை. அப்போதுதான் நூலாலைப் பட்டறையில் தாம் பார்த்த தறி அவர் நினைவுக்கு வந்தது. திருபுவனத்துப் பட்டுத் தறியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தறியில் பாவு நூல்களுக்கு இடையே நாடா ஊடு நூலைச் சுமந்துகொண்டு ஓடுகிறது அல்லவா? அதுபோல ஒரு நூலுக்குப் பதில் இரண்டு நூல்களைக் கொண்டு தைத்தால் என்ன என்று எண்ணினார். ஊசியின் காதைத் தலையிலிருந்து எடுத்து முனைக்குக் கொண்டுவந்தார்.

முனையில் காதுள்ள ஊசி, நூலோடு துணிக்குள் இறங்குகிறது. மேலே எழும்பத் தொடங்கும்போது நூல் தளர்ந்து ஒரு சிறு வளையம் உண்டாகிறது. அந்த நொடியில் ஷட்டில் என்னும் சிறு நாடா இரண்டாவது நூலை அவ்வளையத்துக்குள் செலுத்திவிடுகிறது. இரு நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்கின்றன. ஊசி திரும்பியிருந்தால் வளையம் வேறு பக்கம் விழும். கீழ் நூல் அதைப் பிடிக்காது. எங்கள் தோழி வீட்டில் நேர்ந்தது இதுதான்!

ஈட்டி ஏந்திய காட்டு மனிதர்கள் தம்மைச் சூழ்ந்ததாகவும், அந்த ஈட்டிகளின் நுனியில் துளை இருந்ததாகவும் எலியாஸ் கனவு கண்டார் என்று அவர் குடும்பத்தார் வழிவழியாக ஒரு கதை சொல்வதுண்டு. கனவு வந்ததோ இல்லையோ, விடிந்ததும் அரமும் சுத்தியலும் எடுத்து உழைத்தவர் அவரே.

இம்முயற்சியில் அவருக்கு முன்னோடிகளும் உண்டு. பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே 1830-இல் காப்புரிமை பெற்று, 80 மிஷின்களை வைத்துப் படைவீரர்களுக்கு உடை தைத்தார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் கூட்டமாய்ப் புகுந்து அவற்றை உடைத்தெறிந்தார்கள். அமெரிக்காவில் வால்ட்டர் ஹன்ட் என்பவர் 1830-களிலேயே முனையில் காதுள்ள ஊசியைச் செய்து பார்த்தார். ஆனால் காப்புரிமை கேட்காமல் விட்டுவிட்டார். ஏழைத் தையற்பெண்களின் வேலை போய்விடுமே என்று அவருடைய மகள் வருந்தியதும் ஒரு காரணம் என்பார்கள்.

வறுமையில் தவித்த எலியாஸுக்குக் கைகொடுத்தவர் அவருடைய நண்பர் ஜார்ஜ் பிஷர். விறகும் நிலக்கரியும் விற்ற அவர் எலியாஸின் குடும்பத்தையே தம் வீட்டில் வைத்து உணவளித்தார். 500 டாலரும் கொடுத்தார். 1845-ஆம் ஆண்டு மிஷின் உருப்பெற்றது. நண்பருக்கு ஒன்றும் தமக்கு ஒன்றுமாக இரண்டு கம்பளி உடுப்புகளை எலியாஸ் அதிலேயே தைத்தார்.

பிறகு பாஸ்டன் நகரத் துணித் தொழிற்சாலை ஒன்றில் போட்டி நடந்தது. விரைவாகத் தைக்கும் ஐந்து பெண்களுக்கு ஆளுக்கு ஒரு தையல். எலியாஸுக்கு மட்டும் ஐந்து தையல். அந்த ஐவரும் முடிக்கும் முன்னரே அவர் ஐந்தையும் முடித்துவிட்டார்! அவர் மிஷின் நிமிடத்துக்கு 250 தையல் போட்டது. ஆயினும் ஒருவரும் வாங்கவில்லை. விலை 300 டாலர் என்பது ஒன்று. கைத்தையற்காரர்கள் பிழைப்பை இழப்பார்கள் என்ற அச்சம் மற்றொன்று. 1846 செப்டம்பர் 10-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கையில் காசு கிடைக்கவில்லை.

அவருடைய சகோதரர் மிஷினை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று, வில்லியம் தாமஸ் என்ற வியாபாரிக்கு 250 பவுனுக்கு விற்றார். எலியாஸும் லண்டன் சென்று அவரிடம் வாரம் 3 பவுன் சம்பளத்தில் உழைத்தார். சில மாதங்களில் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு வேலை போயிற்று. மனைவியோ நோயுற்றார். அவரையும் குழந்தைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு எலியாஸ் தனியே துன்புற்றார். கடைசியில் தம் கையால் செய்த முதல் மிஷினையும் காப்புரிமைப் பத்திரத்தையும் அடகு வைத்துக் கப்பலேறினார். 1849-இல் நியூயார்க்கில் இறங்கியபோது அவர் பையில் அரை கிரவுன் நாணயமே இருந்தது. மனைவி சயரோகத்தால் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி அங்கே அவருக்காகக் காத்திருந்தது. ஊருக்குப் போகக் கூடப் பணம் இல்லை. தந்தையார் 10 டாலர் அனுப்பிய பிறகே போய், மனைவியின் கடைசி மூச்சுக்கு முன் சேர்ந்தார். அடக்கத்துக்கு உடுத்திக்கொள்ள நல்ல உடுப்பு இல்லாமல் இரவல் வாங்கினார். உலகத்துக்கே உடை தைக்கும் மிஷினைத் தந்தவருக்கு அன்று உடுத்த உடுப்பு இல்லை! இந்தப் பகுதியைப் படித்தபோது நாங்கள் வாய்விட்டு அழுதோம்.

அவர் ஊர் திரும்பிய சமயம் பலர் அவருடைய முறையைக் கையாண்டு மிஷின் செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் ஐசக் சிங்கர். நேராக ஏறி இறங்கும் ஊசியும் காலால் மிதிக்கும் பலகையும் வைத்து, மிஷினை வீட்டுக்கு ஏற்றதாக்கியவர் அவர். 1851-இல் அவரும் காப்புரிமை பெற்றார். எலியாஸ் நீதிமன்றம் சென்றார். ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து, 1854-இல் அவருக்கு வெற்றி கிடைத்தது. அதன் பின் அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு மிஷினிலும் அவருக்குப் பங்கு வந்தது. வாரம் 9 டாலருக்கு உழைத்தவர் ஏறக்குறைய 20 இலட்சம் டாலர் ஈட்டினார். ஆனால் இராக்கண் விழித்துத் தைத்த எலிசபெத் அம்மையார் அதில் ஒரு டாலரையும் பார்க்கவில்லை.

செல்வம் வந்தும் அவர் செருக்குக் கொள்ளவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-இல், கனெக்டிகட் 17-ஆம் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். தபால் கொண்டு செல்லும் பணியை மேற்கொண்டார். அரசாங்கச் சம்பளம் வராமல் வீரர்கள் தவித்தபோது தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து உதவினார். 1867-இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் மிஷினுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், தம் 48-ஆம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இயந்திரங்களைப் பெரிதும் கண்டித்த நம் காந்தியடிகளும் 1924-இல் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்களித்தார். மனைவி ஊசியும் கையுமாய்த் துன்புறுவதைக் காணப் பொறாத அன்பிலே பிறந்தது அது என்று கருதிச் சிங்கரைப் பாராட்டினார். அந்த அன்பின் கதை எலியாஸ் ஹோவின் வாழ்வுக்கே பொருந்துவதாக எங்களுக்குத் தோன்றுகிறது. 1930-களில் கல்கத்தாவில் உஷா மிஷின் பிறந்த பின், நம் நாட்டிலேயே செய்த மிஷின்களும் வீடு வீடாக வந்தன. இன்று நம் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக ஏழைப் பெண்களுக்கும் விதவைகளுக்கும் இலவசமாகத் தையல் மிஷின் வழங்கி வருகிறது.

அன்று பிரான்சில் மிஷினை உடைத்தவர்களைப் படித்தபோது முதலில் எங்களுக்குக் கோபம் வந்தது. அறுவடை மிஷினைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட எங்கள் தோழியின் அம்மாவை நினைத்தபோது அந்தக் கோபம் தணிந்துவிட்டது. தையல் மிஷின் வந்த பிறகும் பெரிய நகரங்களில் முதலாளிகளின் மிஷின்களில் அமர்ந்து குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்த பெண்கள் அநேகர். மிஷின் நல்லதா கெட்டதா என்று கேட்பதை விட, அது யாருடைய வீட்டில் இருக்கிறது என்று கேட்பதே பொருத்தம் என்று நாங்கள் அறிந்துகொண்டோம்.

அந்தப் பழைய மிஷின் இப்போது எங்கள் தோழியின் வீட்டுத் திண்ணையில் ஓடுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவில் எங்கள் பள்ளியில் நடந்த நாடகத்தைக் கண்டு களித்த பெற்றோருக்கு ஒரு செய்தி. தேவதைகளாக வந்த சின்னஞ்சிறு தங்கைகள் பன்னிரண்டு பேரின் வெள்ளை அங்கிகளையும் தைத்தது அந்த மிஷின்தான். தையல் ஒன்று கூடப் பிரியவில்லை. அடுத்த முறை ஊசியில் நூல் கோக்கும்போது, தங்கைகளே, விளக்கடியில் அமர்ந்து தைத்த எலிசபெத் அம்மையாரையும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எலியாஸையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். ஊசியின் தட்டைப் பக்கத்தையும் மறவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!