சிரிப்புப் பத்திரிகைக்குப் போன நாமக்கல்காரர்! கோவில் கோவிலாக வரைந்து புகழ் பெற்ற "சில்பி"

ஊரே குண்டு பயத்தில் கிடந்த காலம் அது.

1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானம் குண்டு போட்டது. சென்னையே காலியாச்சு. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் சேலம், நாமக்கல் பக்கம் உறவுக்காரர் வீடுகளுக்கு ஓடி வந்தார்கள். 1943 அக்டோபரில் சென்னையிலும் குண்டு விழுந்தது.

அரிசிக்கு ரேஷன். மண்ணெண்ணெய்க்கு தட்டுப்பாடு. பத்திரிகைக் காகிதத்துக்கும் கட்டுப்பாடு.

அந்தக் கஷ்டத்திலும் ஜனங்களை சிரிக்க வைத்தது ஆனந்த விகடன். அதில் சிரிப்புப் படங்களுக்கு ராஜா, மாலி. நாலே கோடு இழுப்பார். சங்கீத வித்வான் அப்படியே எழுந்து உட்காருவார்! துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன், 1942 முதல் விகடனின் நிர்வாக ஆசிரியர்.

இப்படிப்பட்ட இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார் நாமக்கல் வாலிபர் ஒருவர். பெயர் பி.எம்.சீனிவாசன்.

மலைக்கோட்டை நிழலில்...

சீனிவாசன் பிறந்தது 1919ல். அப்போது நாமக்கல், திருச்சி ஜில்லாவில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997ல்தான்.

நாமக்கல்லில் பிறந்த பிள்ளைக்கு சிற்பம் பார்க்க வெளியூர் போக வேண்டாம். மலையைக் குடைந்த குடைவரையில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். திரிவிக்கிரமர் காலைத் தூக்கி உலகை அளக்கிறார். வெளியே 18 அடி ஆஞ்சநேயர், மேலே கூரை இல்லாமல் நிற்கிறார்.

பையன் கையில் பென்சில் சும்மா இருக்கவில்லை. அதைக் கண்டுகொண்டவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. பாட்டில் பேர் வாங்கும் முன்பே அவர் ஓவியர் ஆச்சே! கை பார்த்தால் தெரியாதா? சென்னை ஓவியப் பள்ளியில் சேரச் சொல்லி ஊக்கம் கொடுத்தார்.

அங்கே தலைமை, ராய் சவுத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தாரே, அவரேதான். அவரிடம் பாடம் படித்த சீனிவாசனுக்குப் பேனா–மை ஓவியம் கைவந்தது.

மாலி கண்ட உண்மை

விகடனில் சேர்ந்தாச்சு. ஆனால் அது சிரிப்புப் பத்திரிகை. மூக்கைப் பெரிசாக்கி, தொப்பையை உருட்டிப் போட்டால்தான் அங்கே மவுசு. சீனிவாசன் கைக்கோ அந்தக் கோணல் வரவில்லை. உள்ளது உள்ளபடிதான் வந்தது.

வேறு ஆளாக இருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார். மாலி அப்படிச் செய்யவில்லை. மனித முகத்தை விட, தூணும் கோபுரமும் சிலையும் இவரிடம் உயிரோடு நிற்கின்றன என்று கண்டுகொண்டார். கோவில் பக்கம் திருப்பி விட்டார். "சில்பி" என்று பெயர் வைத்ததும் மாலிதான். தஞ்சாவூர் கோபாலனை "கோபுலு" ஆக்கியவரும் இவரே. ஒரே குருவிடம் இரண்டு சீடர்கள். ஒருவர் சிரிக்க வைத்தார். ஒருவர் கும்பிட வைத்தார்!

தென்னாட்டுச் செல்வங்கள்

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. 1940களின் கடைசியில் விகடனில் "தென்னாட்டுச் செல்வங்கள்" தொடங்கியது. ஊர் ஊராகப் போனார் சில்பி. சிலை முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நகை, மடிப்பு, விரல் எதையும் விடாமல் வரைந்தார். காமிரா போகக் கூடாத மூலஸ்தானத்து மூர்த்தியும் அவர் பேனாவுக்குக் கிடைத்தது. காஞ்சிப் பெரியவரின் ஆசியும் இருந்தது.

படத்துக்குக் குறிப்பு எழுதியவர் யார் தெரியுமா? சிரிப்பு எழுத்தாளர் தேவன்! 1957ல் அவர் காலமானார்.

கோவிலுக்குப் போக முடியாத வயசானவர்களுக்கு வாரா வாரம் வீட்டிலேயே தரிசனம். படத்தை வெட்டி சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் எத்தனையோ!

1983ல் சில்பி காலமானார். பின்னாளில் அந்த ஓவியங்களை விகடன் புத்தகமாகவே கொண்டு வந்தது.

வராத வேலையை விட்டு, வந்த வேலையைப் பிடித்தார். வழி காட்ட ஒரு மாலியும் கிடைத்தார். நாமக்கல் பையன் சில்பி ஆனது இப்படித்தான்.