ஹோமி பாபா: போர் திசைதிருப்பிய பயணம்

மும்பையில் 1909ஆம் ஆண்டு பிறந்த ஹோமி பாபா, இயந்திரப் பொறியியல் பயிலக் கேம்பிரிட்ஜ் சென்று, இயற்பியலாளராக உருவெடுத்தார்.

அதிவேக எலெக்ட்ரான்கள் பருப்பொருளைக் கடக்கையில் ஆற்றலை எவ்வாறு இழக்கின்றன என்பதை, நாஜி ஆட்சியால் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய வால்டர் ஹைட்லருடன் இணைந்து 1937இல் அவர் விளக்கினார். அணுக்கருவின் அருகே எலெக்ட்ரான் ஒளித்துகளை உமிழ்கிறது. அந்த ஒளித்துகள் எலெக்ட்ரான், பாசிட்ரான் இணையாக மாறுகிறது. அவையும் ஒளித்துகள்களை உமிழ, ஒன்று பலவாகப் பெருகுகிறது. காஸ்மிக் கதிர்ப் பொழிவு குறித்த புதிருக்கு இதுவே விடையானது.

1939இல் விடுமுறையில் தாயகம் வந்தவரை உலகப்போர் திரும்பவிடவில்லை. பெங்களூரில் ஆய்வைத் தொடர்ந்த பாபா, 1945இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தையும், பின்னர் இந்திய அணுசக்தித் திட்டத்தையும் உருவாக்கினார்.

1966இல் ஆல்ப்ஸ் மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய திட்டமே 1974இல் இந்தியாவை அணுகுண்டுச் சோதனைக்கு இட்டுச்சென்றது.