மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர்

தாளக் கருவி காலத்தை அளப்பதற்கு மட்டுமே உரியது என எண்ணுவோர் உளர். அமெரிக்காவின் ஜாஸ் இசையில் 1930ஆம் ஆண்டில் லயனல் ஹாம்ப்டன் என்பார் வைப்ரபோன் என்னும் உலோகத் தகட்டுக் கருவியை இசைத்து, கோலால் அடிக்கும் கருவியும் பண்ணிசைக்கும் என நிறுவினார். தோற்கருவியையே பாட வைத்த பெருமை நம் தஞ்சை மண்ணுக்கு உண்டு. அம்மண்ணில் மெருகேறிய மேதையே மணி ஐயர்.

இவர் 1912ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் கேரளத்துப் பழையனூரில் பிறந்தார். சாத்தபுரம் சுப்பையரிடம் தொடக்கப் பயிற்சி பெற்றார். இளமையிலேயே செம்பை வைத்தியநாத பாகவதருக்குப் பக்கம் வாசிக்கும் பேறு கிட்டியது. புகழ் அரும்பிய பின்னரும் கற்றது போதும் என்று அவர் அமைந்துவிடவில்லை. தஞ்சாவூருக்கு வந்து வைத்தியநாத ஐயரிடம் மாணவராய் அமர்ந்தார். கீர்த்தனையின் போக்கறிந்து, பாடுவோரின் சுருதியோடு இழைந்து வாசிக்கும் முறை அவரால் செம்மையுற்றது.

மிருதங்கத்தின் வலந்தலையில் காணும் கரிய வட்டத்திற்குச் சோறு என்றே பெயர். குழைந்த சோற்றோடு கற்பொடியைச் சேர்த்து அரைத்து, படிப்படியாகத் தேய்த்து இடுவர். நெல் விளையும் நாட்டில் நாதத்திற்கும் சோறே அடிப்படையாயிற்று! தோலைத் தேர்ந்து, வார் பிடித்து அக்கருவியைச் செய்தளித்தவர் தஞ்சையின் பர்லாந்து என்னும் கிறித்தவக் கைவினைஞர். நாதத்தைத் தேடி இருவரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்தனர். எனினும் மேடையும் மாலையும் ஒருவருக்கே உரியவாயின. பர்லாந்தின் மரபினர் பட்ட பாட்டை டி. எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல்தான் விரிவாக உலகறியச் செய்தது.

மேதையிடமும் குறை உண்டு. பெண் பாடகர்களுக்கு வாசிப்பதை மணி ஐயர் நெடுங்காலம் தவிர்த்தார். தம் மகளை டி. கே. பட்டம்மாளின் மகனுக்கு மணமுடித்த பின்னர் பட்டம்மாளுக்கு வாசித்தார். உறவு வந்து திறந்த கதவைக் கலை முன்னரே திறந்திருத்தல் வேண்டும். ஒலிபெருக்கி இயல்பான நாதத்தைக் கெடுக்கும் என்று கருதி, பிற்காலத்தில் அதனை மறுத்ததும் அவருடைய உறுதிக்குச் சான்றாகும்.

1966இல் சங்கீத கலாநிதி விருதும் 1971இல் பத்மபூஷண் விருதும் அவரை அடைந்தன. பாலக்காடு ரகு, உமையாள்புரம் சிவராமன் முதலியோர் அவரிடம் பயின்றோர். 1981ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அவர் மறைந்தார்.

புகழ் பெற்ற பின்னும் மாணவராய் அமர்ந்த பணிவை நம் மாணவர்கள் அவரிடம் கற்றல் வேண்டும். நாதத்தைக் கேட்டு மகிழும் நாம், அதனை ஆக்கித் தந்த கைகளையும் மறவாதிருத்தல் கடன்.