சங்கிலியின் வலி அறிந்த புனிதர்



மார்ச் 8-ஆம் நாள் திருச்சபை புனித இறை யோவானை நினைவுகூருகிறது. அவர் நோயாளிகளின் பாதுகாவலர் என்று அறிவோம். அவரே மனநோயாளி என்று கட்டிவைக்கப்பட்டு அடி வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது.

1495-இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்த யோவான், சிறுவயதிலேயே வீட்டைப் பிரிந்தார். ஆடு மேய்த்தார், படைவீரராக அலைந்தார். நாற்பது வயதைக் கடந்தபின் ஸ்பெயினின் கிரனாடா நகரில் புத்தகக் கடை வைத்தார். அங்கே புனித செபஸ்தியார் திருநாளன்று அவிலா யோவான் என்ற குரு ஆற்றிய மறையுரை அவரை உலுக்கியது. உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டு, ஆடைகளைக் கிழித்துக்கொண்டு தெருவில் கதறினார். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். ஊரார் அரச மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார்கள். அக்காலத்தில் சித்தம் தெளிய மருந்து சவுக்கடிதான்!

அவிலா யோவான் அவரைக் கைவிடவில்லை. தன்னையே வருத்துவதை விட்டுப் பிறர் துயர் துடைக்க வழிகாட்டினார். விடுதலையான யோவான், வாடகை வீட்டில் நோயாளிகளைச் சேர்த்துப் பராமரித்தார். நடக்க இயலாதவர்களைத் தோளில் சுமந்து வந்தார். இரவில் கூடையுடன் தெருத்தெருவாகப் பிச்சை எடுத்து அவர்களுக்கு உணவளித்தார்.

1549-இல் அதே அரச மருத்துவமனை தீப்பற்றியது. தம்மை அடித்த அந்தக் கட்டடத்துக்குள் ஓடி, நோயாளிகளை வெளியே கொண்டுவந்தார். மறு ஆண்டு மார்ச் 8-இல் இறைவனடி சேர்ந்தார். 1690-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நம் தமிழகத்திலும் ஒரு தீ மூண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை எரிந்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைத் தூக்கிவர ஒரு யோவான் இல்லை. பிறரைக் குறைகூற வேண்டாம். பேய் பிடித்தது என்று சொல்லி, மருத்துவரிடம் காட்டாமல் நம் திருத்தலங்களுக்கு அழைத்துவருவோர் இன்றும் உண்டு. செபம் தேவை, மருந்தும் தேவை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ அவருக்கு உரிமை உண்டு என்றும் கூறுகிறது. ஆனால் 1794-இல் தொடங்கப்பட்ட நமது கீழ்ப்பாக்கம் மருத்துவமனை போன்ற இடங்களில், குணமான பின்பும் அழைத்துப்போக ஆளின்றி இருப்போர் உண்டு. சட்டம் கதவைத் திறக்கலாம். வீட்டுக்குள் அழைப்பது யார்?

வடபழனியில் வாழும் நம் அன்பியங்கள் இதைச் சிந்திக்கட்டும். இத்தகைய பிள்ளையை மறைத்து வளர்க்கும் தாய் நம் தெருவிலேயே இருக்கலாம். அவரைச் சந்திப்போம். மாத்திரை வாங்க உடன் செல்வோம். வழி தெரியாதோருக்கு 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணைச் சொல்வோம். குணமாகித் திரும்பியவருக்கு ஆலயத்தில் நம் அருகே இடம் கொடுப்போம்.

கல்லறைகளில் சங்கிலியோடு திரிந்தவரைக் குணமாக்கிய இயேசு, அவரைத் தம்முடன் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு, உறவினரிடம் அனுப்பினார். அவ்வாறு வருபவரை ஏற்கும் வீடுகளாக நம் வீடுகள் இருக்கட்டும்.

புனித இறை யோவானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.